நாட்டாமை விழுந்த செவ்வாய்க்கிழமை

2024 பெப்ரவரி 17, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்குத் தேநீர். ஆறரைக்கு வெள்ளவத்தை ரயில் பாதையோரமாக நடை, போய்த் திரும்ப நாற்பத்திரண்டு நிமிடம். எட்டு மணிக்குச் சந்தை: அரைக் கிலோ கீரிமீன், ஒரு கட்டு முருங்கையிலை. ஒன்பதரைக்குக் குளியல். பத்தேகாலுக்கு இரண்டு பழைய நாட்குறிப்புக் கொப்பிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன்.

சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போவது எனக்குப் பல வருட வழக்கம். கொப்பிகளோடு போனது இதுதான் முதல் தடவை.

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறையில் அண்ணன் தனியாக இருக்கிறார். கூடப் பிறந்தவர் அல்ல. எண்பதுகளின் கடைசியில் அந்த அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு புக்கி இருந்தது. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்குக் கொழும்பில் இருந்துகொண்டு பந்தயம் கட்டும் இடம். அங்கே நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் கரும்பலகையில் எழுதுபவன், அவர் மைக்கில் பேசுபவர். எனக்கு அப்போது இருபத்தொரு வயது, அவருக்கு முப்பத்தெட்டு.

லண்டனிலிருந்து ஓட்டத்தின் வர்ணனை தொலைபேசி வழியாக வரும். அதை லைன் என்போம். கடல் இரைவது போன்ற சத்தத்துக்கு நடுவில் ஒரு மனிதன் மூச்சுவிடாமல் ஆங்கிலம் பேசுவான். அதை அப்படியே மண்டபத்துக்குத் திறந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அதனால் அண்ணன் ரிசீவரை இடது காதில் அழுத்திக்கொண்டு, கேட்பதை உடனுக்குடன் தமிழில் சொல்வார். இடையிடையே சிங்களத்திலும் ஒரு வரி விழும். வேலை செய்பவர்கள் பந்தயம் கட்டக் கூடாது என்பது கடைச் சட்டம். மற்றவர்கள் அதை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. அண்ணன் காப்பாற்றினார். வாழ்க்கையில் ஒரு குதிரையின் மீதும் அவர் கட்டியதில்லை.

குளிர்காலத்தில் இங்கிலாந்தில் நடப்பவை பெரும்பாலும் வேலி தாண்டும் ஓட்டங்கள். நாங்கள் ஜம்ப் ரேஸ் என்போம். அங்கே பகல் ஒரு மணி என்றால் எங்களுக்கு மாலை ஆறரை. துறைமுகத்தில் வேலை முடித்தவர்களும் ஒருகொடவத்தையில் லொறியை நிறுத்தியவர்களும் குளித்து, தலைசீவி, கோயிலுக்கு வருவதுபோல வந்து சேர்வார்கள். அவர்களில் ஒருவராவது ஒரு குதிரை வேலி தாண்டுவதை நேரில் கண்டதில்லை. காலிமுகத்திடலில் பிள்ளைகளை ஏற்றும் மட்டக்குதிரையையும் ஊர்வலத்தில் வரும் பொலிஸ் குதிரையையும் கண்டிருந்தோம், அவ்வளவுதான். ஆகவே எல்லாவற்றையும் அண்ணனிடம்தான் கேட்பார்கள்.

"வேலி எண்டா என்ன வேலி? கிடுகு வேலியோ?" என்று வடக்கிலிருந்து வந்த ஒருவர் ஒருநாள் கேட்டார்.

"கிடுகு இல்ல. செடியை இறுக்கிக் கட்டின வேலி."

"எவ்வளவு உயரம்?"

அண்ணன் கவுண்டரைத் தட்டிக் காட்டினார். "இதைவிட ஒரு சாண் கூட."

அந்த மனிதர் கவுண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆளையும் ஏத்திக்கொண்டோ?"

"ஆளை இறக்கிவிட்டுத் தாண்டினா அது வீட்டுக்குப் போற குதிரை."

பெயர்கள் எங்கள் மண்டபத்தில் தங்குவதில்லை. ரேஸ் பேப்பரில் இருக்கும் நீளமான ஆங்கிலப் பெயரை நான் பலகையில் பிழையில்லாமல் எழுதுவேன். ஒரு வாரத்துக்குள் சனங்கள் வேறு பெயர் வைத்துவிடுவார்கள். ஒரு ஜொக்கி மிகவும் உயரம். எடையைக் குறைக்க அவன் ஓட்டமுள்ள நாட்களில் அவித்த முட்டை ஒன்றோடு இருப்பானாம் என்று பேப்பரில் ஒருமுறை வந்தது. பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர், மாளிகாவத்தை ஆள், தேநீர்த் தட்டோடு வந்தவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவருக்கு வருசம் முழுக்க நோம்புதானே" என்றார். அன்றிலிருந்து அவன் நோம்புக்காரன். இன்னொருவன் அயர்லாந்துக்காரன். தோள்பட்டை எலும்பை எத்தனை தடவை உடைத்தான் என்று நான் ஒரு பக்கத்தில் குறித்து வந்தேன். கோடுகள் அந்தப் பக்கத்துக்கு வெளியே போய்விட்டன. அவன் விழாத வாரம் எங்களுக்கு ஏதோ குறைவது போலிருக்கும்.

விழுவது பற்றி எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தான் பணம் கட்டிய குதிரை விழுந்தால் உடனே பந்தயத் துண்டைக் கிழித்து எறிவதுதான் எந்தப் புக்கியிலும் நடப்பது. எங்கள் மண்டபத்தில் கிழிக்கமாட்டார்கள். யாராவது ஒருவர், "ஆள் எழும்பினானா?" என்று ஜொக்கியைப் பற்றிக் கேட்பார். ஓட்டம் போய்க்கொண்டிருக்கும்போதே அண்ணன் லைனில் அதற்காகக் காது வைத்திருப்பார். "எழும்பிட்டான்" என்று அவர் சொன்ன பிறகுதான் துண்டுகள் கிழியும், தூஷணமும் தொடங்கும். யார் தொடங்கிய வழக்கம் என்று கேட்டு வைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது.

எல்லாக் குதிரைகளையும்விட அவர்கள் நேசித்தது ஒரு கிழட்டுச் செம்பழுப்புக் குதிரையை. வேகமில்லை. பின்னால் வந்து கடைசி இரண்டு வேலிகளில் ஒவ்வொன்றாகப் பிடிக்கும். ஜம்ப் ரேஸில் ஒரு ஏற்பாடு உண்டு: எது நன்றாக ஓடுகிறதோ அதன் சேணத்தில் ஈயத்தட்டு வைத்துப் பாரத்தைக் கூட்டுவார்கள், மற்றவற்றுக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று. இதை அண்ணன் விளக்கியபோது மூட்டை தூக்கும் ஒருவர் எழுந்து, "எங்கட இடத்திலயும் அதுதானே. நல்லாத் தூக்குறவன்ர முதுகிலதான் இன்னொண்டு வைப்பாங்கள்" என்றார். மூட்டை தூக்குபவரைக் கொழும்பில் நாட்டாமை என்பார்கள். குதிரைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. நாட்டாமை ஓடுகிறது, அயர்லாந்துக்காரன் ஏறுகிறான் என்றால் கொச்சிக்கடைச் சரக்குக் கிட்டங்கிகளில் அன்று வேலை சீக்கிரம் முடியும்.

அந்த நாட்டாமை ஒருநாள் விழுந்தது. அதைப் பற்றித்தான் இந்தச் சனிக்கிழமை கொப்பியோடு போனேன்.

அது விழுந்த கதையை அண்ணன் மிக அழகாகச் சொல்வார். கடைசிக்கு முந்திய வேலி. ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மண்டபத்தைப் பார்த்து, ஆள் எழும்பிவிட்டான் என்கிறார். துண்டைக் கிழிக்கக் கைகள் போகின்றன. பிறகு அவர், "குதிரை எழும்பேல்ல" என்கிறார். இங்கிலாந்தில் மழை தூறுகிறது. அயர்லாந்துக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நனைகிறான். இங்கே நூறு பேரும் ஒரு சத்தமில்லாமல் நிற்கிறார்கள். இதைக் கல்யாண வீடுகளில், செத்த வீடுகளில், ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் வாங்குகளில் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். கேட்டவர்கள் அழுததை நானே கண்டிருக்கிறேன்.

அவருக்கு இப்போது எழுபத்துநான்கு வயது. மனைவி இல்லை. ஒரே மகன் வத்தளையில் இருக்கிறார், நல்ல பிள்ளை. ஜனவரியில் அண்ணன் காஸ் குக்கரை எரியவிட்டு வெளியே போய்விட்டார். இந்த மாதம் பைப்பைத் திறந்துவிட்டுத் தூங்கியதில் கீழே புடவைக் கடைக்குத் தண்ணீர் இறங்கியது. மகன் டொக்டரிடம் கேட்டார். பழைய விஷயங்களையும் கேட்டுப் பாருங்கள், அவையும் குழம்புகின்றனவா என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மகன் கேட்டார். அண்ணன் நாட்டாமை கதையைச் சொன்னார். சொல்லும்போது, அது ஒரு செவ்வாய்க்கிழமை என்றும் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமைல நாங்க கோயில்லதானே அப்பா" என்றார் மகன். "நான் சின்னப்பிள்ளை. என்னைக் கையில பிடிச்சுக்கொண்டு கொச்சிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவீங்க. ஒரு செவ்வாய் தவறினதில்ல."

உண்மைதான். செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு உரிய நாள். அன்று மாலை அண்ணன் கோயிலுக்குப் போய் ஏழரைக்குப் பின்தான் வருவார். தகப்பனும் மகனும் வாக்குவாதப்பட்டார்கள். அண்ணனுக்குக் கோபம் வந்து, என் பெயரை இழுத்து, ஒரு பந்தயம் கட்டிவிட்டார். வாழ்நாள் முழுவதும் பந்தயக் கடையில் இருந்தவர் கட்டிய முதல் பந்தயம். "அவன்ர கொப்பியில நான் மைக்கில இருந்தனான் எண்டு இருந்தா இந்த அறையில நான் சாகும்வரை இருப்பன். இல்லையெண்டா அடுத்த நாளே சாமானைக் கட்டிக்கொண்டு வத்தளைக்கு வாறன்."

மகன் புதன்கிழமை எனக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னார். "அங்கிள், சனிக்கிழமை கொப்பியைக் கொண்டு வாங்க. எனக்கு அவரை வெல்லத் தேவையில்ல. ஆனா பயமாயிருக்கு."

வியாழன் காலை அந்த வருடத்துக் கொப்பியை எடுத்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும். அன்று மைக்கில் இருந்தவன் நான். செவ்வாய்க்கிழமைகளில் லைனை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். முப்பது வருடமாக அவர் சொல்லிவந்தது நான் சொன்ன வார்த்தைகள்.

அந்தக் கொப்பியில் தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்லலாமா என யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் எழுதி வைத்தேன். பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. அண்ணன் இந்தக் கதையைத் தன் கதையாக முதலில் சொன்னது எப்போது? ஐந்து கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஆறாவதில் கிடைத்தது.

அண்ணனின் அறைக்குப் படியேறியபோது பதினொன்று ஐந்து. அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கதிரையில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே துறைமுகப் பாரந்தூக்கிகள். மகன் கட்டில் விளிம்பில். கீழேயிருந்து மூன்று பிளேன் டீ வந்திருந்தது.

"வாடா நீதவான்" என்றார் அண்ணன். "டீயைக் குடிச்சிட்டுத் தீர்ப்பைச் சொல்லு."

"முதல்ல வாசிக்கிறன் அண்ணே. பிறகு குடிக்கிறன்."

"இவன் இப்பிடித்தான்" என்று மகனிடம் சொன்னார். "குதிரை ஓடி முடிஞ்சு லாயத்துக்குப் போன பிறகும் இவன் பலகையில புள்ளி வைச்சுக்கொண்டு நிப்பான்."

முதல் கொப்பியை வாசித்தேன். அன்று எழுதியது இவ்வளவுதான்:

"செவ்வாய். அண்ணன் கோயிலுக்கு. லைன் என்னிடம். ஏழு மணி ஓட்டம், மூன்று மைல், பன்னிரண்டு குதிரைகள். கடைசிக்கு முந்திய வேலியில் நாட்டாமை விழுந்தது. ஆள் எழும்பிவிட்டான் என்று சொன்னேன். பிறகு குதிரை எழும்பவில்லை என்று சொன்னேன். ஆள் அதன் பக்கத்தில் இருந்துவிட்டான். என் குரல் உடைந்துவிட்டது. ஒருவரும் துண்டைக் கிழிக்கவில்லை. அண்ணன் ஏழே முக்காலுக்கு வந்தார்."

அண்ணன் கையை நீட்டினார். கொப்பியைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி, விரல் வைத்துத் தானே வாசித்தார். "செவ்வாயெண்டு நான் சரியாத்தானே சொன்னனான்" என்றார். அதற்குப் பிறகு, "அப்ப நான் கோயில்ல" என்றார்.

மகன் தலையைக் குனிந்துகொண்டார். "பரவாயில்லப்பா. அறை தயாராத்தான் இருக்கு. அவசரமில்ல."

"அவசரம்தான். நாளைக்கு எண்டு சொன்னனான்."

"அண்ணே, இன்னொரு பக்கம் இருக்கு" என்றேன்.

"தீர்ப்புக்குப் பிறகு என்னடா பக்கம்?"

இரண்டாவது கொப்பியைத் திறந்து வாசித்தேன். ஆறு வருடம் கழித்து, புக்கி வேறு இடத்துக்கு மாறிய அன்று எழுதியது. "பழைய மண்டபத்தில் எல்லோருக்கும் சோறு. அண்ணன் நாட்டாமை விழுந்த கதையைச் சொன்னார். மைக்கில் தான் இருந்ததாகச் சொன்னார். மழை பெய்ததாகச் சொன்னார். லைனில் மழை பற்றி ஒன்றும் வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை."

மகன் நிமிர்ந்தார். "அப்ப அப்பாக்கு எத்தினை வயசு?"

"நாற்பத்துநாலு."

"என்ர வயசு."

"ஓம். இது இப்ப வந்த குழப்பமில்லை தம்பி. அப்பவும் இப்பிடித்தான் சொன்னவர், இப்பவும் அதே மாதிரித்தான் சொல்றார். ஒரு சொல் மாறேல்ல. பைப்பும் காஸும் வேற. அதுக்கு டொக்டர் என்ன சொல்றாரோ அதைக் கேளுங்கோ. இந்தக் கதையை அதோட சேர்க்கக் கூடாது."

நான் பார்க்க நினைத்தது மகனின் முகத்தை. ஆனால் பார்க்க வேண்டியிருந்தது அண்ணனின் முகத்தை. அவருடைய மூளை சரியாக இருக்கிறது என்று நிரூபிப்பதற்கு நான் அவருடைய கதையை எடுத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது இதை ஒழுங்காக யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அவர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். "நான் கோயிலால வந்து உள்ளுக்குக் கால் வைச்ச உடன எல்லாரும் என்னைப் பிடிச்சுக்கொண்டாங்கள்" என்றார். "ஒவ்வொருத்தனும் சொன்னான். நீ சொன்ன மாதிரியே. ஆறேழு பேர். லைன்ல இருந்து சொன்னா நான் எப்பிடிக் கேப்பன், அப்பிடித்தான் கேட்டனான். ராவைக்கு வீட்ட போய் இவன்ர அம்மாக்குச் சொல்லேக்க அது என்ர குரலாப் போச்சு." பிறகு என்னைப் பார்த்தார். "நீ அங்க இருந்தனிதானே. ஏன்டா வாயைத் திறக்கேல்ல?"

"நீங்கள் என்னைவிட நல்லாச் சொன்னீங்கள் அண்ணே."

"அந்த மழை?"

"மழை நல்லா இருந்தது."

மகன் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேஸை இழுத்தார். "பந்தயம் பந்தயம்தான். கொப்பியில நான் இல்ல. தோத்தவன் தோத்தவன்."

"அப்பா, வைங்க அதை."

"முப்பது வருசம் பந்தயக் கடையில இருந்தவன் சொல்லிப்போட்டு மாறுறதா?"

"நீங்க மட்டும்தான் கட்டினீங்க. நான் கட்டேல்ல. எதிர்ப்பக்கம் ஆள் இல்லாம எந்தப் புக்கில அப்பா பந்தயம் எடுப்பாங்க?"

அண்ணன் சூட்கேஸின் பிடியை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டம் தெரிந்தவன் என்று என்னைத்தான் கேட்கிறார். "எடுக்க மாட்டாங்கள் அண்ணே" என்றேன். அது சரியான பதில், அன்பினால் சொன்னதல்ல.

சூட்கேஸ் உள்ளே போனது. அதன் பிறகு பேசியதெல்லாம் மகனும் நானும். பெரிய வெள்ளி வரை அண்ணன் இந்த அறையில் இருப்பார். காஸ் தானாக நிற்கும் ஒரு கருவியை மகன் பூட்டிவிடுவார். மாதம் ஒருமுறை டொக்டர். தினமும் காலையில் நான் தொலைபேசியில் அழைத்து, காஸ், பைப், கிழமை மூன்றையும் கேட்க வேண்டும். ஒரு நாள் பதில் பிழைத்தால் நான் மறைக்காமல் மகனுக்குச் சொல்ல வேண்டும்.

"இவன் மறைக்கமாட்டான்" என்றார் அண்ணன். "இண்டைக்குப் பார்த்தனிதானே. டேய், நாளைக்கு எனக்கு ஆறு மணிப் பூசை. ஐஞ்சரைக்கு முதல் எடு."

தேநீர் ஆறியிருந்தது. குடித்துவிட்டுப் பன்னிரண்டு இருபதுக்குப் புறப்பட்டேன். கீழே பஸ் நிறுத்தம்வரை என்னோடு இறங்கி வந்தார். இனி நாட்டாமை கதையைச் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால், யார் மைக்கில் இருந்தது என்பதை விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் பஸ் வந்துவிட்டது.

18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்ததும் முதல் வேலையாகத் தொலைபேசியை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே பேசினார்.

"காஸ் மூடியிருக்கு. பைப் மூடியிருக்கு. இண்டைக்கு ஞாயிறு, தபசு காலத்து முதலாம் ஞாயிறு. போதுமா நீதவான்?"

"போதும் அண்ணே."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. "டேய், நாட்டாமை விழுந்தாப் பிறகு அந்த ஓட்டத்தை வெண்டது எது?"

அந்தப் பக்கம் எனக்கு இப்போது மனப்பாடம். "எழுதேல்ல அண்ணே."

"நீயா எழுதேல்ல?"

"ஓம், நான்தான்."

"மைக்கில சொன்னியா?"

யோசித்தேன். கரும்பலகை கண்ணுக்கு முன் வந்தது. அதில் எந்தப் பெயருக்கும் எதிரே ஒன்றும் இல்லை. "சொல்லியிருப்பன். நினைவில்லை."

"நினைவில்லையாம்" என்றார். அவருடைய குரல் மைக்கில் கேட்பது போல் தெளிவாக இருந்தது. "மகனிட்டச் சொல்லி உன்னையும் ஒருக்கா அந்த டொக்டரிட்டக் காட்டச் சொல்லவா?"

பூசைக்கு நேரமாகிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.